500 வாட்ஸ் புளுகு

கார் ஸ்பீக்கர் டப்பாவைச் சமீபத்தில் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? கம்பெனி பெயரைவிடப் பெரிதாக ஓர் எண் போட்டிருப்பார்கள். 300 வாட்ஸ். 450 வாட்ஸ். 500 வாட்ஸ். உள்ளே இருப்பது ஆறரை இஞ்ச் வட்டம். விரல்களை அகல விரித்தால் மூடிவிடலாம். உங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைக்கிற மிக்ஸியும் 500 வாட்ஸ்தான். அப்படியானால் நாலு கதவிலும் நாலு ஸ்பீக்கர் மாட்டிய கார், நாலு மிக்ஸியை ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டு திருச்சிக்குப் போகிறது என்று அர்த்தம். அதுவும் 12 வோல்ட் பேட்டரியில்.

இதை ‘விளம்பர மிகை’ என்று நாசூக்காகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நாசூக்கு வராது. புளுகு. அச்சடித்து, லேமினேட் செய்து, எம்.ஆர்.பி. ஒட்டி விற்கிற புளுகு.

சென்னையில் கார் சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போகாதவர்கள் குறைவு. அங்கே ஒரு கடையில் நின்றுகொண்டு, அலமாரியில் இருந்த இரண்டு டப்பாக்களைக் காட்டி வித்தியாசம் கேட்டேன். கடைத்தம்பி தயங்கவே இல்லை. “அது நூத்தம்பது வாட்ஸ் சார். இது ஐந்நூறு. அறுநூறு ரூபாதான் கூட.”

“இதுல ஆர்.எம்.எஸ். எவ்வளவு தம்பி?”

“அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார்.”

தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சத்தியம். யாரும் கேட்பதில்லை. அந்த தைரியத்தில்தான் அந்த எண் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது.

கேட்பதற்குப் பெரிய எஞ்சினீயரிங் படிப்பு வேண்டாம். பத்தாம் வகுப்பு பிசிக்ஸ் போதும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். சாதாரணக் கார் ஸ்பீக்கரின் தடை 4 ஓம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ். 14.4 பெருக்கல் 14.4 வகுத்தல் 4. விடை 51.84. இப்போது உங்கள் டேஷ்போர்டில் இருக்கும் செட்டின் முகப்பைப் பாருங்கள். ‘50 வாட்ஸ் x 4’ என்று போட்டிருக்கிறதா? அந்த 50 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டதல்லவா! பாட்டு, பேச்சு எதுவும் இல்லாமல், சதுர அலை என்கிற ஒரு கொடூரமான ‘கொர்ர்’ சத்தத்தைச் செட் தன் சக்தியெல்லாம் திரட்டிக் கக்கினால், ஏட்டளவில் அவ்வளவு வரும். சுத்தமான அலையாக இருந்தால் அதில் சரிபாதி, 26க்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இருக்கும் சில்லு தனக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் இரைச்சல் இல்லாமல் கதவுக்கு வந்து சேருவது 20 வாட்ஸை ஒட்டித்தான்.

நம்பிக்கை வரவில்லையா? செட்டைக் கழற்றி அதன் முதுகைப் பாருங்கள். பல செட்களில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று செருகியிருக்கும். 14.4 வோல்ட், 10 ஆம்பியர். மொத்த வரவே 144 வாட்ஸ். 144 வரவு வைத்துக்கொண்டு தொடர்ந்து 200 செலவு செய்ய முடியும் என்றால் அந்த செட்டை நிதியமைச்சராகவே ஆக்கிவிடலாம்.

சரி, செட் 20தான் தருகிறது. ஸ்பீக்கர் 500 என்கிறதே, மீதி 480 எங்கே? இங்கேதான் இரண்டாவது மோசடி. ஸ்பீக்கர் டப்பாவில் போடுகிற வாட்ஸ், அது எவ்வளவு சத்தம் கொடுக்கும் என்பதற்கான கணக்கே கிடையாது. எவ்வளவு வாங்கித் தாங்கும் என்கிற கணக்கு. ஒருவன் உட்கார்ந்தால் 20 இட்லி சாப்பிடுவான் என்று கேள்விப்பட்டு, ‘ஆஹா, அப்படியானால் நன்றாக வேலை செய்வான்’ என்று சம்பளத்துக்கு எடுப்போமா? ஸ்பீக்கர் விஷயத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதிலும் அந்த 20 இட்லி, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கணம், வாயில் திணித்துப் பார்த்த கணக்கு. ‘பீக்’ என்பார்கள், ‘மேக்ஸ்’ என்பார்கள். ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஒன்று உண்டு. அதற்கு எந்த அளவுகோலும் இல்லை, எழுதுகிறவர் மனசுதான் அளவு. தினமும் தாங்கக்கூடிய ஆர்.எம்.எஸ். எண், அதே டப்பாவின் பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் 30லிருந்து 60க்குள். நல்ல கம்பெனிகள் அதையாவது போடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். போடாதவையும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன.

சத்தத்துக்கான கணக்கு எது? சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் எத்தனை டெசிபல் என்பது. இந்த எண்ணில் 3 கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி கரண்ட் போதும். 6 கூடினால் கால்வாசி. அதாவது, 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு உங்கள் செட்டின் 20 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம், 86 டெசிபல் ஸ்பீக்கரில் வர 80 வாட்ஸ் வேண்டும். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரணக் காருக்கு இந்த எண்தான் உயிர். இதைத்தான் யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. (போட்டாலும் ஒரு கண் வையுங்கள். சிலர் ஒரு வாட் என்பதற்குப் பதில் ‘2.83 வோல்ட்’ என்று போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட்ஸ். உட்கார்ந்த இடத்திலேயே 3 டெசிபல் லாபம்.)

இதில் எனக்கு வருத்தமே, இவ்வளவு நல்ல ஒரு கண்டுபிடிப்பை இப்படிக் கேவலப்படுத்திவிட்டார்களே என்பதுதான். கோஆக்சியல் ஸ்பீக்கர் என்பது உண்மையில் கௌரவமான பரம்பரையில் வந்தது. தபலாவும் மிருதங்கமும் அடிக்கிற கனத்த ஒலிக்குப் பெரிய கூம்பு வேண்டும். ஜால்ராவுக்கும் ‘ஸ’ எழுத்துக்கும் சின்னது வேண்டும். இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்தால் பாடகரின் வாய் ஓரிடத்திலும் பல் ஓரிடத்திலும் இருப்பது மாதிரி ஆகிவிடும். அதனால் சின்னதைப் பெரியதன் நடுவிலேயே, ஒரே அச்சில் உட்கார வைத்தார்கள். அமெரிக்காவின் ஆல்டெக் லான்சிங் கம்பெனி 1940களில் கொண்டுவந்த ‘604 டூப்ளெக்ஸ்’ பல வருஷம் ஒலிப்பதிவுக் கூடங்களில் கொலுவிருந்தது. லண்டன் டேனாய் கம்பெனி 1947ல் ‘டூயல் கான்சென்ட்ரிக்’ செய்தது. (அந்தக் கம்பெனி செய்த ஒலிபெருக்கிகள் எங்கும் பரவி, பிரிட்டனில் ஒலிபெருக்கி அறிவிப்புக்கே ‘டேனாய்’ என்று பெயராகிவிட்டது. நாம் எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி.) இந்தக் கருத்து காருக்குப் பாந்தமாகப் பொருந்தியது. கதவில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கிறது. உள்ளே கண்ணாடி இறங்குகிறது, ஆழமும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். ஒரே கூட்டுக்குள் இரண்டு ஸ்பீக்கர், நடுவே உயர் ஒலியை மட்டும் சின்னதுக்கு அனுப்ப ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவுதான் சமாசாரம். எளிமை, சிக்கனம், கெட்டிக்காரத்தனம்.

அதன் மேல் நம் ஆட்கள் இழைத்த அலங்காரங்களைப் பாருங்கள். ‘3 வே’, ‘4 வே’, ‘5 வே’. நடுவில் ஒரு ட்வீட்டர் இருந்த இடத்தில் மூன்று, நான்கு. இரண்டில் முடிகிற வேலைக்கு நாலு பேர் எதற்கு? கண்ணுக்கு. ரொம்ப மலிவான சிலவற்றில் அந்த நாலில் ஒன்றிரண்டு வெறும் பிளாஸ்டிக் பொம்மை, கம்பியே போகாது. கம்பி போனாலும் ஆறுதல்படாதீர்கள். ஆறரை இஞ்சுக்குள் நெருக்கி உட்காரவைத்த அவை ஒன்றின் ஒலியை ஒன்று இடறிவிடுகின்றன, பெரிய கூம்பையும் மறைக்கின்றன. எஸ்.பி.பி.யின் குரலில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீழ்க்கை கேட்டால் காரணம் இதுதான். கடையில் டெமோ போடும்போது அந்தச் சீழ்க்கையைத்தான் ‘க்ளாரிட்டி’ என்று சொல்லி விற்பார்கள்.

மாட்டுகிற வேலையைப் பற்றித் தனியாக ஒரு புராணம் பாடலாம். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் சந்தித்தால், கூட்டல் கழித்தலாகி பேஸ் செத்துவிடும். அதைத் தடுக்கத்தான் வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி. காரில் கதவுதான் பெட்டி. ஆனால் அந்தக் கதவின் உள்தகட்டில் முறத்தில் பாதி அளவுக்கு ஓட்டைகள். கார் கம்பெனி அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்கவும் அதுதான் அரண். நம்மூர் ஃபிட்டர் என்ன செய்கிறார்? அவசரத்தில் அதைப் பிளேடால் கிழிக்கிறார். பிறகு, ஸ்பீக்கரோடு வருகிற கப்ளரை வீசிவிட்டு ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுகிறார். ப்ளஸ் மைனஸ் ஒரு பக்கம் மாறினால் அதுவும் பேஸுக்குக் கேடு. 500 வாட்ஸ் வாங்கினேனே, பழைய கம்பெனி ஸ்பீக்கர் அளவுக்குக்கூட ‘தம்’ இல்லையே என்று நாம் திரும்பிப் போனால், “பின்னாடி ஊஃபர் ஒண்ணு போட்டுருங்க சார்” என்று அடுத்த பில். ஐப்பசி மழையில் கால்மிதியடி நனைந்த பிறகுதான் பிளாஸ்டிக் ஷீட் ஞாபகம் வரும். ஒயரை வெட்டியதைக் காட்டி, மின்சாரக் கோளாறு எது வந்தாலும் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டர் கைவிரிப்பது அதற்கும் அப்புறம்.

சுமாரான ஒரு ஸ்பீக்கரை வாங்கி, கதவு ஓட்டைகளை டேம்பிங் ஷீட்டால் மூடி, சுற்றிலும் ஒரு ஃபோம் வளையம் கொடுத்து, கப்ளரில் செருகி மாட்டினால், சரியாக மாட்டாத விலையுயர்ந்த ஜோடியை அது தோற்கடித்துவிடும். இதில் கடைக்கு மார்ஜின் குறைவு, வேலை அதிகம். அதனால் சொல்ல மாட்டார்கள்.

“இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார், யார் இந்த நம்பரை நம்பறாங்க?” என்று ஒரு நண்பர் கேட்டார். நம்புகிறார்கள். முதல் கார் வாங்குகிறவர் நம்புகிறார். கடன் வாங்கி, டாப் மாடல் கட்டுப்படியாகாமல், கதவில் ஸ்பீக்கரே இல்லாத அடிப்படை மாடலை வாங்கி, ஸ்பீக்கராவது நல்லதாகப் போடுவோம் என்று வருகிறவர் நம்புகிறார். கால் டாக்ஸி ஓட்டுகிற தம்பி, சவாரியில் மிச்சம் பிடித்த காசில் வாங்குகிறார், நம்புகிறார். விஷயம் தெரிந்தவர்கள் எப்போதுமே ஏமாறுவதில்லை. மற்றவர்களுக்காகத்தானே ஐயா சட்டம் வேண்டியிருக்கிறது?

சட்டம் என்றதும் சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் இதே மாதிரி வாட்ஸ் அளந்துகொண்டிருந்தபோது, 1974ல் அங்கே வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது: வாட்ஸ் என்று போட்டால் எப்படி அளந்தாய், எவ்வளவு சிதைவோடு அளந்தாய் என்று சேர்த்துப் போடு. அந்த விதி காருக்குப் பொருந்தாமல் போனதால் புளுகு காருக்குள் குடிபுகுந்தது. 2003ல் அங்கே தொழில்துறை அமைப்பே கார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதம் என்று தானாக ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டது. ஸ்பீக்கருக்கும் தனியாக ஒன்று வந்தது. கட்டாயமில்லை, விரும்பினால் கடைப்பிடிக்கலாம்.

நம்மூரில்? சீலிங் ஃபேனுக்கு 2023லிருந்து ஸ்டார் லேபிள் கட்டாயம். ஃபேன் எத்தனை வாட்ஸ் என்று பொய் சொல்ல முடியாது. நெய் டின்னில் 10 கிராம் குறைந்தால் எடையளவுத் துறை வரும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2020ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. டப்பா மேல் அச்சடித்ததும் விளம்பரம்தான். கேட்பது ஒன்றே ஒன்று. கொட்டை எழுத்தில் ஆர்.எம்.எஸ்.ஸும் சென்சிட்டிவிட்டியும் போடட்டும். ‘மேக்ஸ்’ எண்ணை அவர்கள் ஆசைப்பட்டால் பார்கோடுக்குக் கீழே போட்டுக்கொள்ளட்டும். இடம் மாற்றிப் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான். நுகர்வோர் உதவி எண் 1915. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் ஆயிரம் பேர் ஒரே வாரத்தில் இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால், தில்லியில் யாராவது ஒருவர் தன் கார் ஸ்பீக்கர் டப்பாவைத் தேடிப் பார்ப்பார்.

பணம் போவதாவது போகட்டும். இந்த எண் மோகத்தில் நான் மன்னிக்க முடியாதது இன்னொன்று. பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டிய பலகையில் ‘6 x 9’ என்று நீள்வட்ட ஸ்பீக்கர்கள் ஒரு ஜோடி போடுவது இங்கே சம்பிரதாயம். பின்சீட்டில் யார் உட்காருகிறார்கள்? குழந்தைகள். ஸ்பீக்கரிலிருந்து அவர்கள் காது அரை மீட்டர்கூட இல்லை. இப்போது பழைய கணக்கையே போடுவோம். நல்ல நீள்வட்ட ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டரில் 90 டெசிபல். தூரம் பாதியானால் 6 கூடும். இரண்டு ஸ்பீக்கர் என்றால் இன்னொரு 3. தோராயமாக 99. ஆளுக்கு ஒரே ஒரு வாட்! 500 அல்ல, 50 அல்ல, ஒன்று.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை பார்க்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது தொழிலாளர் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. அதன்படி 99க்கு 20 நிமிஷம்கூடக் கிடையாது. அதுவும் வளர்ந்த ஆண் பெண்களுக்கு. பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு இன்னும் கறார்: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. காதுக்குள் நத்தை மாதிரி சுருண்ட உறுப்பில் சுமார் 15 ஆயிரம் மயிர் செல்கள் இருக்கின்றன. செத்தவை மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. முன்சீட்டு அப்பாவுக்கு எழுபது டெசிபலை ஒட்டிய ரோட்டு இரைச்சலில் பேஸ் கேட்காது. வால்யூமை ஏற்றுவார். பின்னால் இருப்பது அதை வாங்கிக்கொள்ளும். கேட்டால், “பின்னாடி பசங்க என்ஜாய் பண்றாங்க” என்பார். பின்சீட்டுக்குப் பலகையே இல்லாத சின்னக் கார் என்றால் இன்னும் விசேஷம். மரப்பெட்டி ஒன்று செய்து, அதில் இரண்டையும் பொருத்தி, திருகாணிகூட இல்லாமல் பார்சல் தட்டின் மேல் வெறுமனே வைப்பார்கள். காந்தமும் கட்டையுமாக 5 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதினால், அந்தப் பெட்டி முன்னால் வருகிற வேகம், மூன்றாவது மாடியிலிருந்து தலையில் விழுகிற வேகம். வழியில் இருப்பது குழந்தையின் பின்மண்டை.

எல்லா செட்டிலும் ‘ஃபேடர்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. சத்தத்தை முன்பக்கமோ பின்பக்கமோ தள்ளுகிற வசதி. நாளைக் காலை பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றுவதற்கு முன்னால், அதை முழுக்க முன்பக்கம் தள்ளுங்கள். திருகாத பெட்டி இருந்தால் எடுத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் காரை எடுங்கள்.